வெங்காயத் தோல் உடுத்திய கல்

மிக்சி, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி ரிப்பேர் செய்கிற அவருக்குத் தெருவில் வைத்த பேர் நோண்டி. வைத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. ஓடாத மிக்சியைக் கொடுத்தால் திறந்து பார்ப்பார், அது தொழில். ஓடுகிற மிக்சியையும் திறந்து பார்ப்பார், அது வியாதி. அடுத்த வீட்டுக்காரர் வாங்கிய புதுச் சுவர்க் கடிகாரத்தை, சத்தமே இல்லாமல் எப்படி ஓடுகிறது என்று பார்க்க ஒருநாள் பாகம் பாகமாகப் பிரித்துப் போட்டார். திரும்பப் பூட்டியும் கொடுத்தார். ஒரே ஒரு திருகாணி மிஞ்சிவிட்டது. கடிகாரம் இன்றும் ஓடுகிறது. அப்படியானால் அந்தத் திருகாணி எதற்கு இருந்தது என்பதுதான் அவருக்கு இன்றுவரை தீராத கவலை.

மனிதர்களையும் விட்டுவைக்க மாட்டார். ஏன், எதுக்கு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டுக் கேட்டே ஆளைக் கழற்றிவிடுவார். அவர் மனைவிக்குப் பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிற வேலை. "அங்க வர்றவங்களை வாயைத் திறங்கன்னு சொல்றோம். வீட்டுக்கு வந்தா உங்களை மூடுங்கன்னு சொல்லியே எனக்குத் தொண்டை வத்துது" என்பாள்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது. கல்யாணமாகி மூன்று வருஷமான ஒரே மகள், குளிர்காலத் தொடக்கத்தில் ஒருநாள் காலையில் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் துணிப் பெட்டி, இன்னொரு கையில் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டிக்குள் ஐந்து சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் கூழாங்கல் மாதிரி ஏதோ ஒன்று, நடுவில் ஒரு பிளவோடு.

"நான் இனிமே அங்க போகல. ஏன்னு யாரும் கேக்கக் கூடாது. இந்தச் செடிங்களையும் யாரும் தொடக் கூடாது. ரெண்டுல எதைப் பண்ணினாலும் இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு எங்கயாவது போயிடுவேன்" என்றாள். பார்த்தது அப்பாவை மட்டும்தான்.

நோண்டி தலையை ஆட்டினார். தொண்டை வரை வந்த கேள்விகளை விழுங்கியதில் அன்றைக்கு அவருக்குக் காலைச் சாப்பாடே இறங்கவில்லை.

அவள் தன் அறை ஜன்னலில், வெயில் நேராக விழுகிற இடத்தில் தொட்டிகளை வரிசையாக வைத்தாள். அவை கல் அல்ல, செடி. லித்தாப்ஸ் என்று பேர். ஆடு மாடு வாய் வைக்காமலிருக்கக் கல் வேஷம் போட்டுக்கொண்டு வாழ்கிறதாம். குளிர் முழுக்க அவற்றுக்குத் தண்ணீரே கிடையாது என்று அம்மாவிடம் அவள் சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று இவர் கேட்டார். பழைய இலை ஜோடிக்குள் புது ஜோடி ஒன்று உருவாகும். பழசில் இருக்கிற ஈரத்தைத்தான் புதுசு குடிக்கும். பழசு வற்றித் தாளாகிற வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பழசும் போகாது, புதுசும் தேறாது, அழுகிவிடும்.

மகள் பெரும்பாலும் அறையிலேயே சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். நோண்டி தினமும் எதையாவது சாக்கு வைத்து உள்ளே போய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வந்தார். கற்கள் சுருங்கிக்கொண்டே வந்தன. ஒருநாள் நடுவில் இருந்ததன் பிளவு லேசாக அகன்று, உள்ளே ஏதோ புது நிறம் தெரிந்தது. அவ்வளவுதான், மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. எவ்வளவு பெரிசு? எந்தப் பக்கம் பார்த்து வளருது? உள்ளே எப்படி மடிஞ்சு கிடக்கு?

மகள் குளிக்கப் போன நேரத்தில் பூதக்கண்ணாடியும் இடுக்கியும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். பழைய இலையைச் சும்மா ஒரு நூலளவு விலக்கினார். அப்புறம் இன்னொரு நூலளவு. கிழிந்துவிட்டது. உள்ளேயிருந்த புதுசிலும் இடுக்கியின் முனை பட்டு நீர் கசிந்தது. நாலைந்து நாளில் அது கொழகொழவென்று சரிந்தது.

நோண்டி ஆடிப்போனார். செடி போனதற்கு இல்லை. மகள் போய்விடுவாளே என்று. சொல்லிவிடலாமா என்று அறை வாசல் வரை போய்விட்டுத் திரும்பினார். கடைசியில் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். வீடு கட்டுகிற இடத்து மணல் குவியலில் கிளறி, அதே அளவில் சாம்பல் பச்சையில் ஒரு கூழாங்கல் பொறுக்கினார். கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சின்ன அறுப்புச் சக்கரத்தால் நடுவில் பிளவு போட்டார். உப்புத்தாளால் தேய்த்தார். புள்ளிகளை ஊசி முனையால் மை தொட்டு வைத்தார். வேலை என்று பார்த்தால் அசல் அசந்துபோகிற நகல்தான்.

மகள் மறுபடி குளிக்கப் போன நேரத்தில் அழுகியதை எடுத்துவிட்டு, கல்லை அந்தத் தொட்டியில் பதித்தார். தப்பித்தோம் என்று நினைத்தார் பாவம். கல்லுக்கும் பருவம் வரும் என்று அவர் யோசிக்கவில்லை.

குளிர் விட்டதும் மற்ற நாலும் பழைய இலையைக் காய்ந்த தாளாக உதறிவிட்டுப் புதுசாக நின்றன. நடுத்தொட்டியில் இருந்த கல் மட்டும் போட்ட சட்டையோடு அப்படியே இருந்தது. நோண்டி சமையலறையில் புகுந்து வெங்காயத் தோலை எடுத்துக் கிழித்துக் கல்லைச் சுற்றிப் பசை போட்டு ஒட்டினார். மனைவி பார்த்துவிட்டாள். "வெங்காயத்தை விட்டுட்டுத் தோலை எடுத்துட்டுப் போற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாளே தவிர, காட்டிக்கொடுக்கவில்லை.

மகள் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள். தொட்டியின் அடி ஓட்டையில் வழிகிற வரை ஒருமுறை. பிறகு மண் அடிவரை காய்ந்தால்தான் மறுமுறை. ஐந்துக்கும் ஒரே மாதிரி ஊற்றினாள். தன் கல்லின் முறை வரும்போதெல்லாம் நோண்டி எதையோ தேடுகிற மாதிரி வாசலுக்குப் போய்விடுவார்.

கோடையில் செடிகள் தூங்கின. தண்ணீர் நின்றது, ரொம்பச் சுருங்கினால் மட்டும் சாயங்காலம் சில சொட்டு. நாலும் லேசாக மண்ணுக்குள் உள்வாங்கின. இவரும் விடியற்காலையில் பூனை மாதிரி போய்க் கல்லைக் கொஞ்சம் அழுத்திவிட்டு வந்தார். அந்தக் கோடையில்தான் மகள் மெல்ல வெளியே வர ஆரம்பித்தாள். காலையில் சீக்கிரம் எழுந்தாள். கடையில் வந்து உட்கார்ந்து மின்விசிறிக்குச் சுருள் சுற்றிக் கொடுத்தாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு வோல்டேஜைப் பற்றி மட்டும் பேசினார்.

கோடை கழிந்து காற்று மாறியது. மறுபடி தண்ணீர் ஊற்றிய சில வாரத்தில் ஒன்றன் பிளவில் மொட்டு எட்டிப் பார்த்தது. ஒருநாள் மத்தியானம் மகள் குரல் கேட்டது. "அப்பா, இங்க வாங்க!"

போனார். செடியையே மறைக்கிற அளவுக்கு மஞ்சளாக ஒரு பூ. பக்கத்தில் இன்னொன்று வெள்ளையாக விரிந்துகொண்டிருந்தது. மற்ற இரண்டிலும் மொட்டு. மகள் நடுத்தொட்டியைத் தொட்டாள்.

"இது மட்டும் ஏம்பா பூக்கல?"

நோண்டி அந்தத் தொட்டியைக் கொஞ்சம் வெயில் பக்கம் நகர்த்தினார். "அது... கொஞ்சம் மெதுவா..."

"துணியில பூ பண்ணி ஒட்டியிருப்பீங்கன்னு நினைச்சேன்."

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "எப்ப தெரியும்?"

"நீங்க கல்லை வச்ச அன்னைக்கே. தூசி துடைக்கத் தொட்டியைத் தூக்கினேன், கனமா இருந்துச்சு. வந்த கோபத்துல பெட்டியைக்கூட எடுத்துட்டேன். அப்புறம் கல்லு நடுவுல இருந்த கோட்டைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் உக்காந்து அறுத்திருப்பீங்க! மை வச்சிருக்கீங்களே, சிரிப்பு வந்துடுச்சு. அந்த வருஷத்துல நான் சிரிச்சதே அப்பத்தான்."

"அப்ப ஏம்மா தண்ணி ஊத்தின?"

"அடுத்து என்ன பண்ணுவீங்கன்னு பார்க்கத்தான். நான் யாரு பொண்ணு?" அவள் கல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். காய்ந்துபோன வெங்காயத் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "எந்திரிக்கவே பிடிக்காத நாள் நிறைய இருந்துச்சுப்பா. இன்னைக்குக் கல்லு என்ன பண்ணியிருக்குன்னு பார்க்கிறதுக்காகவே எந்திரிச்சேன்."

நோண்டிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

"அந்த வீட்டுல மூணு வருஷம் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லப்பா. சாப்பிட்டியா, ஏன் முகம் வாடியிருக்கு, எங்க போயிட்டு வந்த... ஒண்ணும் கிடையாது. இருக்கேனா இல்லையான்னுகூட உங்க மாப்பிள்ளை திரும்பிப் பார்க்க மாட்டாரு. இங்க வந்ததும் நீங்க கேப்பீங்கன்னு தெரியும். கேட்டா உடைஞ்சுபோயிடுவேன்னு பயந்தேன். அதான் கேக்காதீங்கன்னேன்." அவள் கல்லை அவர் கையில் கொடுத்தாள். "இப்பக் கேளுங்க."

ஒரு வருஷம் தேக்கி வைத்த கேள்விகளில் எதை முதலில் எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கல்லைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"என்னம்மா ஆச்சு?" என்றார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாயங்காலம் பூ இரண்டும் மூடிக்கொண்டன. பல் டாக்டர் கிளினிக்கிலிருந்து திரும்பிய மனைவி, அறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டாள். உள்ளே மகள் பேசிக்கொண்டேயிருந்தாள். நடுநடுவே ஏன், எதுக்கு, அப்புறம் என்ன ஆச்சு என்று அவர் கேட்டுக்கொண்டேயிருந்தார். வாயை மூடுங்க என்று அன்றைக்கு அவரிடம் யாரும் சொல்லவில்லை.