பாதர்ஸ்ட் வீதி டெலியும் கடிபட்ட வெள்ளரிக்காயும்

ரொறன்ரோவில் ஞாயிற்றுக்கிழமை பிரன்ச் என்ற பிந்திய காலைச் சாப்பாட்டுக்குக் கடைக்குப் போவதை நான் நிறுத்தி நெடுங்காலமாகியிருந்தது. காரணங்களை வரிசையாகவே சொல்வேன். ஒட்டும் மெனு அட்டை. எல்லா மேசைகளுக்கும் ஒரே ஈரத்துணி. முட்டையின் மேல் ஊற்றிய சோஸில் படர்ந்திருக்கும் ஆடை. சர்க்கரைப் பாணிப் போத்தலின் கழுத்தில் காய்ந்து கறுத்துப்போன வளையம். உணவுத் தொழிற்சாலை ஒன்றின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். இயந்திரங்களின் இடுக்குகளைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, அதில் என்ன வளர்கிறது என்று பார்ப்பது என் தொழில். வேலை முடிந்தாலும் கண் வீட்டுக்குப் போவதில்லை. என்னோடு சாப்பிட வந்த சிநேகிதிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

அதனால், அம்மாவின் சிநேகிதியான பிக்கரிங் அன்ரி கொண்டுவந்த மாப்பிள்ளை, "பிரன்ச்சுக்குச் சந்திப்பமா?" என்று செய்தி அனுப்பியபோது எனக்கு அந்த ஈரத்துணிதான் நினைவுக்கு வந்தது. சாதகம் பொருந்தியிருந்தது. அம்மாவுக்கு அவருடைய படத்தைப் பார்த்ததிலிருந்தே மனம் நிறைந்திருந்தது. சந்தித்த அன்று மாலைக்குள் என் பதிலை அன்ரிக்குச் சொல்வதாக வாக்கும் கொடுத்திருந்தார். மறுக்க வழியில்லாமல் போனேன்.

பாதர்ஸ்ட் வீதியின் வடக்கே, சலவைக்கடைக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே இருந்தது அவர் சொன்ன டெலி என்ற சிற்றுணவகம். யூதர் பாணி உணவு என்று கண்ணாடியில் எழுதியிருந்தது. பாணி மட்டுந்தான், இறைச்சியையும் பாலையும் பிரித்துவைக்கும் அவர்களுடைய விதிகள் அங்கே இல்லை. நான் வழக்கம்போல் குறை தேடினேன். குளிர்பெட்டியின் அடிப்பக்கம் சுத்தம். இறைச்சி சீவுகிறவர் தொலைபேசியைத் தொட்டதும் கையுறையை மாற்றினார். நரைத்த தலைக்கு வலை போட்டிருந்த பரிமாறும் பெண்மணி ஒவ்வொரு மேசைக்கும் புதுக் காகிதம் கிழித்துத் துடைத்தார். ரை என்ற தானியத்தில் சுட்ட பாணின் வாசனை வந்தது. எனக்குப் பசித்தது. வெளியே ஒரு கடையில் எனக்குப் பசித்து எத்தனை காலம்!

கூட்டம் என்பதால் நீள மேசையில், ஒரு வயதான தம்பதிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கண்ணாடிச் சாடி. உப்புத் தண்ணீரில் ஊறிய முழு வெள்ளரிக்காய்கள், மேலே மூடி, பக்கத்தில் இடுக்கி. நான் புகையூட்டிய சால்மன் மீன் வைத்த பேகல் என்ற வளைய ரொட்டியும், உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த லாட்கேயும் எடுத்தேன். அவர் மாட்டிறைச்சி சான்ட்விச் எடுத்தார்.

"எங்கட அம்மாட்டைச் சொல்லிப்போடாதேங்கோ. வீட்டில நான் சைவம்," என்றார்.

சிரித்தேன். நன்றாகத்தான் பேசினார். லாட்கேயின் ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சுபோல் இருந்தது. இந்தக் கடைக்கு இனி ஒவ்வொரு ஞாயிறும் வரலாம், இவரோடேகூட வரலாம் என்று நினைத்த கணம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் சாடியிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தார். முகம் சுளித்தது. மென்றதை விழுங்கினார். பிறகு வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். நான் குனிந்து பேகலை வெட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கடித்த மிச்சத்தைச் சாடிக்குள் நழுவவிட்டு மூடியை மூடினார். பல் பதிந்த பக்கம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு என்னையே பார்த்தது. அதைச் சுற்றி விதைகள் மெல்ல மிதந்தன.

பக்கத்து அம்மையார் இடுக்கியை எடுத்தார். நான் மூடியின் மேல் கையை வைத்துவிட்டேன்.

பரிமாறும் பெண்மணியைக் கூப்பிட்டு, இதில் கடித்த துண்டு விழுந்துவிட்டது, தயவுசெய்து யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்றேன். அவர் உடனே சாடியைத் தூக்கிக்கொண்டு போனார்.

"ஏன் இப்ப உதைப் பெரிசாக்கிறீங்கள்?" என்றார் மாப்பிள்ளை. காது சிவந்திருந்தது. "முழுக்க உப்பும் புளியும். ஒரு ஜேர்மும் தப்பாது. உங்களுக்குத் தெரியாததே?"

தெரியும். அந்தப் புளிப்பில் பெரும்பாலானவை பிழைக்காது. ஆய்வுகூடத்தில் அவர் பக்கம்தான் வெல்லும். ஆனால் எனக்குக் குமட்டியது கிருமியால் அல்ல. போடுவதற்கு முன் இரண்டு பக்கமும் பார்த்தாரே, அந்தப் பார்வையால். லாட்கேயின் பாதி தட்டிலேயே கிடந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார்.

"என்ன பிள்ளை, பிடிச்சுதோ?"

"கடை பிடிச்சுது."

"நான் கடையைக் கேக்கேல்லை."

"பொதுச் சாடிக்க கடிச்ச மிச்சத்தைத் திருப்பிப் போட்டவர், அம்மா."

நான் எப்படியும் குறை கண்டுபிடிப்பேன் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தவர் அதை விட்டுவிட்டுக் கேட்டார்.

"எச்சிலையோ?"

"ஓம்."

"ஆரும் பாத்தவையே?"

"ஒருத்தரும் பாக்கேல்லை எண்டு நினைச்சுத்தான் போட்டவர்."

மாப்பிள்ளையின் உயரக் குறைவையும் முன்வழுக்கையையும் மன்னிக்கத் தயாராக இருந்த அம்மாவுக்கு இது தொண்டையால் இறங்கவில்லை. "சரி. சாதகத்தை வேற ஆளிட்டைக் காட்டினது, செவ்வாய் இடிக்குதாம் எண்டு அன்ரிக்குச் சொல்லுறன்."

எங்கள் ஆட்களின் வழக்கமான மரியாதை அது. எந்தச் சம்பந்தம் முறிந்தாலும் பழியைக் கிரகம் ஏற்கும், மனிதர்கள் கலியாண வீடுகளில் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த கிழமையே அன்ரி அவரை இன்னொரு பெண்ணுக்குக் காட்டுவார். அந்தப் பெண்ணும் நம்பி இடுக்கியை எடுப்பாள். செவ்வாயைச் சொன்னால், மூடியை மூடியதில் எனக்கும் பங்கு.

"நானே சொல்லுறன்," என்று தொலைபேசியை எடுத்தேன்.

அன்ரி முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஊறுகாய்க்கோ பிள்ளை மாப்பிள்ளையை வேண்டாமெண்டுறாய்? சனம் கேட்டா என்ன சொல்லும்?"

"கேக்கிற ஆக்களுக்கு அப்பிடியே சொல்லுங்கோ அன்ரி. ஒண்டையும் மாத்தாதேங்கோ."

சனம் கேட்டது. கோயில் அன்னதான வரிசையில் ஒருவர் என்னைக் காட்டி இன்னொருவரின் காதில் ஏதோ சொல்ல, அம்மா சோற்றுத் தட்டோடு தலை குனிந்து நின்றார். இனி எனக்கு இலகுவில் யாரும் வரமாட்டார்கள் என்பது அம்மாவின் கவலை. அதைச் சொல்லிச் சொல்லியே ஒரு ஞாயிறு காலை என்னோடு காரில் ஏறினார்.

"எங்க அந்தக் கடை? பாப்பம்."

அதே நீள மேசை. அம்மா சுவரோரமாக ஒதுங்கி உட்கார்ந்தார். தண்ணீர்க் கிளாஸை உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்ததில் கொஞ்சம் காதுக்குள் போனது. எதிரில் இருந்த குழந்தை வாயைப் பிளந்து பார்த்தது. பிறகு அம்மா சாடியைத் தன் பக்கம் இழுத்து, மூடியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, இடுக்கியால் ஒவ்வொரு வெள்ளரிக்காயாகப் புரட்டினார். பரிமாறும் பெண்மணி கையில் கோப்பியோடு காத்து நின்றார்.

"ஒண்டும் கடிபடேல்லை," என்றார் அம்மா. "சாப்பிடு."