விளக்கு வைத்த பிறகு நனைந்த ரோஜா

நர்சரி வைத்திருப்பவனைத் தேடி வருகிறவர்களில் பாதிப்பேர் செடி செத்துப்போன துக்கத்தைச் சொல்ல வருகிறவர்கள். செடி நன்றாக இருந்தால் யாரும் வந்து சொல்வதில்லை. செடி விற்றுப் பிழைக்கிற உங்களுக்கும் இது தெரிந்த கதைதான். செங்கம் ரோட்டில் நான் கடை போட்டது, மாவட்டம் பிரிந்து எங்கள் ஊர் அதன் தலைநகராகி, ஊரெல்லாம் வீடு கட்ட ஆரம்பித்த சமயம்.

ஜன்னல் சாத்திய அறை

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்திருந்த மெட்ராஸ்காரர் ஒருவர், ஓய்வு பெற்றவர், தொட்டியோடு ஒரு ரோஜா வாங்கிப் போனார். ஒரு மாதத்தில் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இலையெல்லாம் திருநீறு பூசினதுபோல் வெள்ளைப் பொடி. விசாரித்தால், தியானத்துக்காக ஜன்னலைச் சாத்தி, திரையும் போட்டுவிட்டு, செடியையும் அறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்.

வெளிச்சமும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் இந்தப் பூஞ்சை சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், செடிக்கும் எதிர்த்து நிற்கத் தெம்பு இருக்காது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்: "எனக்கு அந்த இருட்டுலதாங்க மனசு தெளியுது. இதுக்கு மட்டும் ஏன் ஆகல?"

டிபன் டப்பாவில் ஓர் இலை

செல்வி வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிற பெண். கல்யாணமாகி மூன்று வருடம். ஒருநாள் காலி டிபன் டப்பாவைத் திறந்து ஓர் இலையைக் காட்டினாள். மஞ்சளடித்த ரோஜா இலை, மேலே கரும்புள்ளிகள். ஏற்கெனவே இரண்டு செடி இப்படியே இலை கொட்டிப் போயிருந்தன. இது மூன்றாவது.

மருந்து டப்பா ஒன்றைக் கொடுத்து, "இதுவும் போனா வேற செடி தரேம்மா" என்றேன். ஆறுதலாகச் சொன்னதாக எனக்கு நினைப்பு. அவள் முகம் வாடிவிட்டது. அவள் வைப்பதெல்லாம் கருகுகிறது, கை ராசியில்லை என்று மாமியார் வாசலில் நின்று பேச ஆரம்பித்திருக்கிறார். அந்தப் பேச்சு செடியைத் தாண்டி, வீட்டில் இன்னும் குழந்தை இல்லை என்பதில் போய் நின்றிருக்கிறது. "செடி போனா வேற வாங்கிக்கலாங்க. இந்தப் பேரு வந்துட்டா எங்க போய் மாத்துறது?" என்றாள். எனக்கு அன்று வியாபாரமே ஓடவில்லை.

தூங்குகிற செடி

மனசு கேட்காமல் மறுநாள் சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கே போனேன். மாமியார் அப்போதுதான் விளக்கு ஏற்றியிருந்தார். செல்வி அலுவலகத்திலிருந்து வந்த கையோடு ரப்பர் டியூபைப் பிடித்து, ரோட்டுப் புழுதி போகட்டுமென்று ரோஜாவைத் தலையோடு குளிப்பாட்டினாள். அவளுக்கு நேரம் கிடைப்பதே அப்போதுதான்.

விஷயம் எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் நனைந்த இலை வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். பொழுது சாய்ந்து நனைந்தால் விடிகிறவரை ஈரம்தான். கரும்புள்ளிப் பூஞ்சைக்கு அந்த ஈரமே போதும். போதாததற்குத் தொட்டி இருந்தது மேற்குச் சுவர் ஓரம், காலை வெயில் எட்டிப் பார்க்காத இடம்.

புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளப் போனேன். மாமியார் தடுத்துவிட்டார். "விளக்கு வெச்சாச்சுங்க. செடி தூங்குற நேரம். கை வெக்கக் கூடாது."

"சரிங்கம்மா, தொடல. ஆனா தூங்குறவங்க தலையில தினம் தண்ணி ஊத்துனா ஒடம்புக்கு ஆகுமா? காலையில வேர்ல ஊத்துனாப் போதுங்க."

அவர் ஈரம் சொட்டுகிற செடியையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். காலையில் செல்விக்குச் சமையல், பஸ் என்று மூச்சுவிட நேரமில்லை என்பது அவருக்கும் தெரியும். கடைசியில் முணுமுணுத்தார்: "கோலம் போட எப்படியும் நான்தான் எந்திரிக்கறேன். வெயில் வந்ததும் வேர்ல ஊத்திடறேன்."

யார் கை

அங்கே போய் வந்ததிலிருந்து எனக்குக் கவலை அதிகமாகிவிட்டது. செடி செத்தால் பழி செல்விக்கு. பிழைத்தாலோ, மாமியார் கை பட்டதால்தான் பிழைத்தது என்று ஆகிவிடும். இரண்டு வழியிலும் அந்தப் பெண்ணுக்குத் தப்பிக்க இடமில்லாமல் நானே செய்துவிட்டேனோ என்று உறுத்தியது. ஐப்பசி மழை வேறு பிடித்துக்கொண்டது.

பொங்கல் கழிந்து ஒருநாள் மாமியார் மட்டும் கடைக்கு வந்தார். கொண்டையில் ஒரு சிவப்பு ரோஜா. மழைக்குத் தொட்டியைக் கிழக்குத் தாழ்வாரத்துக்கு நகர்த்தினாராம், புள்ளி இலைகளைக் காலையிலேயே பொறுக்கிப் போட்டாராம். இன்னொரு ரோஜா வேண்டும் என்றார். நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்து, "உங்க கையாலயே நடுங்கம்மா, ராசியான கை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எதிர்வீட்டுக்காரியும் இதையேதான் சொன்னா. அவளுக்குச் சொன்னதத்தான் ஒங்களுக்கும் சொல்றேன். நான் தண்ணி ஊத்துறவ. நட்டது எங்க செல்வி கை, இதையும் அவதான் நடுவா."

இத்தனை வருடத்தில் நான் விற்ற மருந்துகளிலேயே நன்றாக வேலை செய்தது, செல்வி வீட்டு அலமாரியில் இன்னும் பிரிக்காமல் இருக்கிற அந்த டப்பாதான்.