கட்டைவிரலளவு பிளாஸ்டிக்

"பயனாளி இலக்கம் பதினேழு. திருமதி கொன்ஸ்ரன்ஸ் செபஸ்தியன், வயது அறுபத்தொன்று, கொட்டாஞ்சேனை. தொழில்: இல்லை. தங்கிவாழ்பவர். தொழில்நுட்ப முன்னறிவு அற்றவர்."

பெண்களுக்கு நவீன தொழில்நுட்பத்தை அறிமுகப்படுத்தும் திட்டமொன்றின் அறிக்கையில் இப்படித்தான் இருக்கிறது. பெயரும் வயதும் ஊரும் சரி. மிச்சத்தைப் பொறுத்தவரை, கொன்ஸ்ரன்ஸ் இருபத்தொன்பது வருடம் கப்பல் திருத்தும் கம்பனியொன்றில் படவரைஞராக இருந்தவர். அவர் வரைந்து கொடுத்ததைப் பார்த்துத்தான் பட்டறைக்காரர் இரும்பு வெட்டினார்கள். தங்கிவாழ்வதென்றால், யாரில் தங்குவது? கணவர் செபஸ்தியன் போய்ச் சேர்ந்தே ஒன்பது வருடமாகிறது.

அந்த விவரத்துக்குக் கீழே கையொப்பம் வைத்தவரும் அவரேதான். ஒன்றும் தெரியாதவர்களுக்கென்று வந்த யந்திரம் அது. தெரிந்தவர் என்று சொன்னால் கிட்டவே விடமாட்டார்கள். யந்திரத்தைத் தொட வேண்டுமென்ற ஆசையில், தனக்கு ஒன்றும் தெரியாதென்று எழுதிக் கொடுத்தார். எழுதிய நாளிலிருந்து அந்த அறிக்கைமேல் வந்த கோபம் அவருக்குள் ஆறவேயில்லை.

யந்திரம் கோயில் மண்டபத்தின் பின்னறையில் இருந்தது. முப்பரிமாண அச்சியந்திரம் என்ற பெயரைக் கேட்டு மற்றப் பெண்கள் தள்ளி நின்றார்கள். கொன்ஸ்ரன்ஸ் ஒரு மணித்தியாலம் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, இது இடியப்பம் பிழிகிற வேலை என்று முடிவு கட்டினார். கணினியில் வரைந்த பொருளை மென்பொருள் ஒன்று முதலில் பாண் வெட்டுவதுபோல மெல்லிய தட்டுகளாக வெட்டிக்கொள்கிறது. ஒரு தட்டின் தடிப்பு கால் மில்லிமீற்றர்கூட வராது. பிறகு, சுருளிலிருந்து இறங்கும் பிளாஸ்டிக் நூலைச் சூடான முனை உருக்கிப் பிழிந்துகொண்டே மேசைமேல் ஓடுகிறது. ஒரு தட்டு முடிந்ததும் மயிரிழை உயர்ந்து அதன்மேல் அடுத்ததைப் பிழிகிறது. சூட்டோடு சூடாக ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. பட்டறையில் கட்டி இரும்பைச் சீவி வேண்டாததைக் கழிப்பார்கள். இதுவோ வெறும் மேசையில் தொடங்கி, வேண்டியதை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறது. கொன்ஸ்ரன்ஸுக்கு அந்த நியாயம் மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் எதைப் பிழியலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது: பூச்சாடி, சாவிக்கொத்து, நத்தார்ப் பண்டிகை நட்சத்திரம். நாலு மாதத்தில் நாய்க்குட்டி வடிவச் சாவிக்கொத்துகளே ஒரு பெட்டி நிறைந்துவிட்டன.

அப்படியிருக்க, ஒரு வியாழக்கிழமை மேனுகா தொலைபேசி எடுத்தாள். முன்பு பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளை. இப்போது வெள்ளவத்தையில் இருக்கிறாள், கணிதம் படிப்பிக்கிறாள், நடக்க முடியாது. அவளுடைய மின்சார நாற்காலியை ஓட்டும் சிறு பெட்டியைக் கைப்பிடியோடு பிடித்து வைத்திருந்த 'ட' வடிவப் பிளாஸ்டிக் துண்டு உடைந்துவிட்டது. பெட்டி வயரில் தொங்கியது, பிடிமானமில்லாமல் நாற்காலியை ஓட்ட முடியவில்லை. புதிய ரியூஷன் நிலையத்தில் திங்கட்கிழமை வகுப்புத் தொடக்கம். அன்றைக்கு வராவிட்டால் வேறு ஆளைப் போடுவதாக அதன் உரிமையாளர் சண்முகலிங்கம் மரியாதையாகவே சொல்லியிருந்தார்.

நாற்காலி விற்ற கம்பனியோடு கொன்ஸ்ரன்ஸ் தொலைபேசியில் பேசினார். அந்தப் பக்கத்துப் பெண் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் இல்லை என்றாள். அந்தத் துண்டு தனியாக வராதாம், முழுக் கைப்பிடியையும் வெளிநாட்டிலிருந்து எடுக்க வேண்டுமாம், எட்டுக் கிழமை, இரண்டு மாதம் ஆகுமாம். கட்டைவிரலளவு பிளாஸ்டிக்குக்காக ஒரு மனுஷி எட்டுக் கிழமை கட்டிலில் கிடக்க வேண்டும் என்பதை அவள் இவ்வளவு இனிமையாகச் சொன்னது கொன்ஸ்ரன்ஸின் கோபத்தைக் கூட்டியது.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிப் போய், உடைந்த துண்டை அளந்து, திருகாணித் துளைகளின் இடைவெளியை மூன்று தரம் சரிபார்த்துக் கொண்டுவந்தார். மத்தியானம் கணினியில் வரைந்து முடித்தார். திட்ட இணைப்பாளர் அபிஷன் வாசலில் நின்றான். நல்ல பொடியன்தான், அதுதான் கஷ்டமே.

"அன்ரி, லிஸ்டில இல்லாத ஒண்டும் அடிக்கேலாது. டிசைன் செய்யிறது ட்ரெய்னர். நீங்கள் பயனாளி."

"உங்கட ட்ரெய்னர் ரெண்டு தரம் வந்தவர் தம்பி. ரெண்டு தரமும் எனக்கு மவுஸ் பிடிக்கக் காட்டித் தந்தவர்."

"ரிப்போர்ட்டில நான் என்னெண்டு போடுறது?"

"என்னைப் பற்றி நீர் போட்ட மற்றதெல்லாம் உண்மையோ?"

அபிஷன் கையிலிருந்த அச்சுப் பதிவேட்டை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். கொன்ஸ்ரன்ஸ் அதில் 'பூச்சாடி, ஒன்று' என்று எழுதினார்.

துண்டு கணினித் திரையில் நின்ற மாதிரியே, நிமிர்ந்தபடி மேசையில் உருவானது. மூன்று மணித்தியாலம். பார்க்க அச்சு அசலாக இருந்தது. சனிக்கிழமை காலை மேனுகாவின் நாற்காலியில் பூட்டினார். மேனுகா கையை வைத்து முன்னுக்குத் தள்ளியதும், துண்டு மூலையில் டக்கென்று விட்டுப் போனது.

பெட்டி மறுபடியும் வயரில் தொங்கியது.

கொன்ஸ்ரன்ஸ் முறிந்த இடத்தைத் திருப்பிப் பார்த்தார். பிசிறேயில்லை, ஒரு தட்டு மற்றத் தட்டிலிருந்து நேர்த்தியாகக் கழன்றிருந்தது. இருபத்தொன்பது வருடம் இரும்புக்கு வரைந்த கை அது. இரும்பை எந்தப் பக்கம் இழுத்தாலும் இரும்புதான்; அதை எப்படி வைத்து வெட்டினார்கள் என்று வரைபவர் கவலைப்படத் தேவையில்லை. இதுவோ பிழிந்து அடுக்கியது. நூலை அதன் நீளத்துக்கு இழுத்தால் தாங்கும். அடுக்கை அடுக்கிலிருந்து இழுத்தால் விட்டுவிடும். காலையில் இடியப்பத்தைத் தட்டுத் தட்டாகப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்த மனுஷிக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? கம்பனிமேலும் அறிக்கைமேலும் இருந்த கோபமெல்லாம் ஒரு நிமிடம் தன்மேலேயே திரும்பியது.

"அன்ரி, விடுங்கோ. நான் சண்முகலிங்கம் சேருக்குச் சொல்லுறன்."

"இப்ப சொல்லாதை பிள்ளை. அது உடைஞ்சது என்ர பிழை. உன்ர வகுப்புக்கு அதில பங்கில்லை."

மத்தியானம் மண்டபத்துக்குத் திரும்பியவர் திரையில் துண்டைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்தார். இனி நூல் மூலையைச் சுற்றி வளைந்து ஓடும். மூலையில் அடுக்குப் பிரிய இடமிராது. உள் மூலையைக் கூராக விடாமல் வளைத்து, சுவரையும் தடிப்பாக்கினார். அபிஷன் பின்னால் வந்து நின்று, ஏன் படுக்கவைக்கிறீர்கள் என்று கேட்டான். அவர் முறிந்த துண்டை அவன் கையில் கொடுத்து, நகத்தால் பிரித்துப் பார்க்கச் சொன்னார். அவன் பிரித்தான். பிறகு வெட்கப்பட்டவன்போல் கதிரையை இழுத்துப் போட்டு, அச்சாகி முடியும்வரை பக்கத்திலேயே இருந்தான். முடிந்ததும் இருவரும் துண்டைக் கதவுப்பிடியில் பூட்டி, ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டார்கள். அரை மணித்தியாலமாகியும் அது அசையவில்லை. பதிவேட்டில் இரண்டாவது பூச்சாடியை எழுதியவன் அபிஷன்தான்.

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, கொன்ஸ்ரன்ஸ் வெள்ளவத்தைக்குப் போய் அந்தத் துண்டை நான்கு திருகாணிகளால் நாற்காலியில் பூட்டினார். திங்கட்கிழமை மேனுகா வகுப்பெடுத்தாள்.