மைக்கேல்ராஜின் இடக்கை கிட்டார்

பொம்மசந்திரா ஃபேக்டரி ஒன்றில் நானும் மைக்கேல்ராஜும் ஒரே ஷிப்ட். போன வருஷம் பிரஸ் மெஷினில் அவனுடைய இடது கையின் மூன்று விரல்கள் பாதியோடு போயின. காண்ட்ராக்ட் ஆள்தானே! கட்டுப் பிரிப்பதற்குள் 'மெஷின் வேலைக்கு ஆகாது' என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், பாவிகள். எல்லாரும் சொல்லி நஷ்டஈட்டுக்கு மனுப் போட்டான். ஆனால் அவனுக்கு வேண்டியது வேலை.

லிங்கராஜபுரம் சர்ச்சில் பத்து வருஷமாகக் கிட்டார் வாசித்தவன். கம்பியை அழுத்தும் விரல்களே போய்விட்டன. இனி வலது கையால் அழுத்தி, இடது கையால் மீட்ட வேண்டும். அதற்கேற்ற கிட்டார் கடையில் கிடைக்கவில்லை.

"நானே செய்றேன் மச்சி. அதை எடுத்துட்டுப் போய் எச்.ஆர். முன்னாடி வாசிக்கிறேன். இந்தக் கை என்னெல்லாம் பண்ணும்னு பாக்கட்டும்."

பழைய கட்டில் பலகையை அறுத்து உடல் செய்தான். எஸ்.பி. ரோடு எலக்ட்ரானிக்ஸ் கடையில், கம்பியின் ஒலியைப் பிடிக்கும் பிக்கப்பும் ஒயரும் வாங்கி, சால்டரிங்கில் கையைச் சுட்டுக்கொண்டான். கம்பி கட்டினால் கர்ரென்று இரைந்தது. கிட்டாரின் கழுத்துக்கு அடியில் தகடு கொடுத்துக் கம்பியை உயர்த்தினான். அப்படியும் சுருதி சேரவில்லை. பழைய பழக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை வலது கைக்காரன் கிட்டார் மாதிரியே சாய்த்துப் பொருத்தியிருக்கிறான், மடையன்! கழற்றி மறுபடி பொருத்தினான். நாலு மாசம். "என்னைக் கட்டிக்கிட்டதுக்கு அதையே கட்டியிருக்கலாம்" என்பாள் அவன் மனைவி மௌரீன்.

ஆயுத பூஜை அன்று ஃபேக்டரியில் வாசித்தான். மாலை போட்ட மெஷின்களுக்கு நடுவே அத்தனை பேரும் விசில். எச்.ஆர். அனந்தபத்மநாபன், "சக்கத்தா, சூப்பரா வாசிச்சப்பா! வேலை விஷயம் பாக்கலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மொத்தத்தையும் வீடியோ எடுத்து கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். என் கையை உடைக்க வேண்டும்.

அடுத்த மாசம் நஷ்டஈட்டு மனு விசாரணை. கம்பெனி வக்கீல் போனை உயர்த்திக் காட்டினார். என் வீடியோ.

"தானே கிட்டார் செஞ்சு வாசிக்கிற கைக்கு என்ன சார் ஊனம்?"

மைக்கேல்ராஜ் எழுந்தான். "அப்ப வேலை குடுங்க சார்."

"அது எப்படி? மெஷினுக்கு ஆகாதுன்னு எழுதியாச்சே."

மனு தள்ளுபடி ஆனது. வேலையும் இல்லை. பஸ் ஸ்டாப்பில் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டான்:

"மச்சி, அன்னிக்கு நான் தப்புத்தப்பா வாசிச்சிருக்கணுமா?"