தியானம் செய்யப் போனவர்களும் கருப்பட்டிச் சுவரும்

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினெட்டுப் பேர் கண்ணை மூடி அசையாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பத்தே நிமிடம்... பதினெட்டுப் பேரும் எழுந்து நின்று ஆடினார்கள். தியானத்தின் பலன் இவ்வளவு சீக்கிரம் கிடைக்கும் என்று எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை!

இடம், காயல்பட்டினத்துக்கு வடக்கே கடலோரம். யோகா, தியானம் செய்து தங்குகிற ரிட்ரீட். 'இயற்கையோடு இணைந்த வாழ்வு' என்று வாசலில் போர்டு. ஓனர் ராஜன் நம்ம தூத்துக்குடிக்காரர்தான். அப்பா பலசரக்குக் கடை வைத்து ஆளாக்கிய பிள்ளை. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து, இப்போது கதர் ஜிப்பாவும் மெல்லிய குரலுமாக இருக்கிறார். அவர் பேசினால் நாம் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டும்.

இயற்கையோடு எப்படி இணைவது என்கிறீர்களா? மண் சுவர், ஓலைக் கூரை, ஃபேன் கிடையாது, ஏசி கிடையாது, தரையில் பாய், ராத்திரிக்குக் கஞ்சி. பதினெட்டு வயது வரை நானும் இதே ரிட்ரீட்டில்தான் இருந்தேன். அதற்குக் கட்டணம் வாங்க எங்க அப்பாவுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

கட்டியது யார்? வேறு யார்! ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, சாந்துச் சட்டி சுமந்து மேலே வந்தவன் நான். தூத்துக்குடி மில்லர்புரத்தில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் நான் கட்டிய வீடு ஒன்று நிற்கும். நாற்பது வருடத்தில் ஒரு கூரை ஒழுகியதில்லை. ராஜனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்: "தம்பி, நான் கைவச்ச சுவர்ல தப்பு வராது. வந்தா, அந்தத் தப்பு பிளான்லதான் இருக்கும்."

பிளான் போட்டவள் நந்திதா. கோயம்புத்தூர்ப் பெண், முப்பது வயதிருக்கும். தியான மண்டபம்தான் அவளுக்கு முதல் பெரிய வேலை. அது நன்றாக அமைந்தால் அடுத்து பன்னிரண்டு குடில்களும் அவளுக்கு என்று ஏற்பாடு.

சிமெண்டே கூடாது என்றாள். சுண்ணாம்புப் பூச்சாம். அதையும் கருப்பட்டி, கடுக்காய் ஊறிய தண்ணீரில் குழைக்க வேண்டுமாம். ஒரு தாளை நீட்டினாள்.

"அண்ணாச்சி, டிரம்ல பதினஞ்சு நாள் ஊறணுங்க. புளிச்சு, நுரைச்சு, அடங்கோணும். எல்லாம் தமிழ்லயே எழுதியிருக்கேனுங்க. ஒருக்கா படிச்சுப் பாருங்க."

கருப்பட்டி காய்ச்சுகிற ஊர்க்காரனுக்குக் கருப்பட்டியைப் பற்றிப் பாடமா? தாளை மடித்து என் ரெக்ஸின் பைக்குள் போட்டேன். அவள் வேறு வேலையாக மூன்று வாரம் ஊருக்குப் போய்விட்டாள்.

ஊறப்போட்ட ஐந்தாம் நாள் டிரம்மைத் திறந்தேன். மூக்கைப் பொத்திக்கொண்டேன்! நுரை பொங்கி வழிகிறது. உடன்குடிக் கருப்பட்டி, நானே உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்து வாங்கியது... மொத்தமும் கெட்டுப்போய்விட்டதே!

முப்பது வருடமாக என்னிடம் இருக்கிற கொத்தனார் அந்தோணி இழுத்தான்: "அண்ணாச்சி, அந்தப் பொண்ணு புளிக்கணும்னுதான சொல்லிச்சு?"

"ஏலே, ஊசிப்போன சாமானை வச்சு நான் என்னைக்காவது கட்டியிருக்கனா? கீழ ஊத்து. புதுசாக் கரைச்சு இன்னைக்கே பூசு. கருப்பட்டிய ரெண்டு மடங்கு போடு. நம்ம பேரு கெடக் கூடாதுல்லா."

"சரி அண்ணாச்சி. நாளைக்கே சீனி இல்லைன்னா சுவரைச் சுரண்டிக் காப்பி போட்டுக்கிடலாம்."

நந்திதா திரும்பி வந்தபோது சுவர் காய்ந்து பளபளத்தது. தடவிப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். டிரம் கதையைச் சொல்லவில்லை — கேட்டால்தானே சொல்ல?

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். ராஜன் நடுவில். "பேச வேண்டாம். அசைய வேண்டாம். உடம்பில் என்ன நடந்தாலும்... வெறுமனே கவனியுங்கள்" என்றார்.

கவனித்தார்கள். ஒரு அம்மாளின் புருவம் மேலே போனது. ஒரு கனத்த மனிதர் நெளிந்தார். நான் சுவரைப் பார்த்தேன். கட்டெறும்பு! நாலு சுவரிலும் தேர்த் திருவிழாக் கூட்டம்.

மௌனத்தை முதலில் கலைத்தது யார் தெரியுமா? ராஜன்தான். "ஏலே, கடிச்சிட்டுல! யாருல அங்கன? வெளக்கமாறை எடுத்துட்டு வா!"

கதரும் சிங்கப்பூரும் பறந்துவிட்டன. அந்த நிமிடம்தான் அவர் இயற்கையோடு இணைந்தார்.

மருந்து அடிக்கலாம் என்றால், அங்கே எந்த உயிரையும் கொல்லக் கூடாது என்று அவரே எழுதி மாட்டியிருக்கிறார். அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, எல்லார் முன்னாலும் நந்திதாவைப் பிடித்துக்கொண்டார்.

"கருப்பட்டி போடச் சொன்னது யாரு?"

"நான்தான் சார். ஆனா, நல்லாப் புளிச்சிருந்தா இனிப்பு போயிருக்கும், எறும்பு வராதுங்க..."

"அண்ணாச்சி நாப்பது வருசமாக் கட்டுதாக. தப்பு வந்தா பிளான்லதான் இருக்கும்னு அன்னைக்கே சொல்லிட்டாக. குடில் வேலைய நான் வேற ஆளுக்குக் குடுத்துக்கிடுதேன். நீங்க கிளம்புங்க."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தோணி கூரையைப் பார்த்தான், ஓலையை எண்ணுகிறவன் மாதிரி.

எனக்கு என்ன வேலை? ஒன்றும் இல்லை. சும்மா இருந்தால் போதும். மௌனம் காக்கிற இடம் வேறு! ஆனால் என் அக்குளில் அந்த ரெக்ஸின் பை இருந்தது. அதற்குள் அவள் தாள் இருந்தது, போட்ட மடிப்புக் கலையாமல். ஊரெல்லாம் நான் அடித்துக்கொண்ட தம்பட்டம், ஒன்றும் அறியாத ஒரு பெண்ணின் பிழைப்பில் கைவைக்கிறது. நான் கட்டிய பேர் அவள் தலையில் இடிந்து விழுவதா?

"தம்பி, பிளான் சரியாத்தான் இருக்கு" என்றேன். "புளிச்சிக்கிட்டு இருந்த டிரம்மைக் கீழ ஊத்தச் சொன்னது நான். இந்தா, அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்த தாளு. படிக்காததும் நான்தான்."

"அண்ணாச்சி... நீங்களா?"

"நானேதான். தப்பைக்கூட நான் ரெண்டு மடங்காத்தான் செய்வேன்."

அந்தோணி சும்மா இருப்பானா? "அண்ணாச்சி வாயால இதைக் கேக்க முப்பது வருசம் ஆயிருக்கு. போன்ல பிடிச்சு வைக்காமப் போயிட்டனே!"

குடில் வேலை நந்திதாவிடமே இருக்கிறது. பூச்சு முழுவதையும் என் செலவிலேயே சுரண்டி எடுத்தாயிற்று. வந்தவர்கள் இப்போது கடற்கரை மணலில் உட்கார்ந்து தியானம் செய்கிறார்கள். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, ஆர்க்கிடெக்டும் வேண்டாம், நானும் வேண்டாம். மண்டபத்தைவிட இதுதான் பிரமாதம் என்று அந்தப் புருவத்து அம்மாள் சொன்னாராம். எனக்கு அது அவ்வளவு ருசிக்கவில்லை.

புது டிரம்மில் கருப்பட்டி ஊறுகிறது. இன்றோடு ஐந்தாம் நாள். அதே நாற்றம். அதே நுரை. மூடியில் கைவைத்தால் போதும், எங்கிருந்தோ குரல் வருகிறது: "இன்னும் பத்து நாளுங்க அண்ணாச்சி."

அதனால் டிரம் பக்கத்தில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். பேசாமல்... அசையாமல்... வெறுமனே கவனித்துக்கொண்டு.

ராஜன் இதற்கு இன்னும் என்னிடம் கட்டணம் கேட்கவில்லை.