முபியானா மாமாவும் இரண்டு காசெலோக்களும்

லிவிங்ஸ்டன் பேருந்து நிலையத்தில் முபியானா மாமாவின் குரலைக் கேட்காமல் யாரும் ஊரை விட்டுப் போனதில்லை. பேருந்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதுதான் அவர் தொழில். "லுசாகா, லுசாகா, லுசாகா!" என்று தொண்டையைத் திறந்தால் பக்கத்துச் சந்தையில் தக்காளிக்காரிகள் காதைப் பொத்திக்கொள்வார்கள். யாரையோ வரவேற்க வந்து நின்றவனின் பையைக்கூடப் பிடுங்கி வண்டியில் போட்டுவிட்டு, "வந்ததே வந்துட்ட, லுசாகாவையும் ஒரு எட்டுப் பாத்துட்டு வாயேன்" என்பார். அத்தனை பேரை ஊர் ஊராக அனுப்பிவைத்த மனிதர், தான் மட்டும் லுசாகாவுக்குப் பாதி வழிகூட இல்லாத சோமா நகரத்தைத் தாண்டியதில்லை. கல்யாணமும் ஆகவில்லை. கேட்டால், "நான் பேசுறதுக்கு நடுவுல வாயத் திறக்க ஒருத்திக்கும் நேரம் கிடைக்கல" என்பார்.

அந்த ஆண்டு எங்கள் தேவாலய இளைஞர் குழு பள்ளி விடுமுறையில் நமீபியாப் பக்கம் காசெலோ என்ற கிராமத்துக்குப் போய், அங்குள்ள பள்ளிக்கு வண்ணம் அடித்துக் கொடுப்பதாக ஏற்பாடு. ஒரு விடுதிக்காரர் மிச்சமான பெயின்ட்டை டின் டின்னாகத் தூக்கிக் கொடுத்தார். எல்லாம் இளஞ்சிவப்பு. அவர் ஏன் அவ்வளவு சந்தோஷமாகக் கொடுத்தார் என்பது முதல் டின்னைத் திறந்தபோதுதான் புரிந்தது. கூட வரவேண்டிய போதகருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. பெரியவர் யாராவது வந்தால்தான் போகலாம் என்றார்கள். கையைத் தூக்கியவர் முபியானா மாமா ஒருவர்தான்.

"எங்கிட்ட பாஸ்போர்ட் இருக்கு" என்றார் பெருமையாக. "எடுத்து வருஷக்கணக்காச்சு. ஒரு முத்திரை விழல. பொண்ணு மாதிரி பாத்துப் பாத்து வெச்சிருக்கேன்."

செஷேகே என்ற எல்லை ஊர் வழியாகப் போனால் காலையில் கிளம்பி மதியம் சேர்ந்துவிடலாம். மாமா கேட்கவில்லை. கசுங்குலாத் துறையில் படகேறி, போட்ஸ்வானாவுக்குள் நுழைந்து, யானைக் காட்டைச் சுற்றித்தான் போகவேண்டும் என்றார். "ஒரே நாள்ல மூணு நாடு! முத்திரை மேல முத்திரை! உங்க பேரப்பிள்ளைங்களுக்குச் சொல்லலாம்டா!"

வண்டியைத் தூக்கிச் செல்லும் மிதவைப் படகில் அவர் முன்னால் போய்க் கொடிக்கம்பம்போல நின்றார். அக்கரையில் கால்நடைச் சோதனைச் சாவடி. கோமாரி நோய் பரவாமலிருக்கப் பச்சை இறைச்சியை உள்ளே விடமாட்டார்கள். போட்டிருக்கும் செருப்பு மட்டுமல்ல, பையிலிருக்கும் செருப்பையும் மருந்துத் தண்ணீரில் முக்கவேண்டும். எங்களிடம் ஐஸ் பெட்டி நிறைய உரித்த கோழி. மாமாவிடம் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் போடும் கறுப்பு ஷூ, செய்தித்தாளில் சுற்றி, தலையணை உறைக்குள்.

"ஐயா, இது தேவாலயத்துக்குப் போற ஷூ. மாட்டை இது கண்ணால பாத்ததில்ல" என்றார்.

"அப்ப ஞானஸ்நானம்னு நெனச்சுக்குங்க" என்றார் சாவடிப் பெண். ஷூ உள்ளே போயிற்று.

கோழியை விட்டுக்கொடுக்க மாமாவுக்கு மனசில்லை. சோளம் சுட்டு விற்ற ஒரு அம்மாவின் அடுப்பை வாங்கி, அத்தனை கோழியையும் சாவடி வாசலிலேயே சுட்டு, நாங்களும் தின்று, வரிசையில் நின்ற லாரிக்காரர்களுக்கும் கொடுத்தோம். மூன்று நாள் சாப்பாடு ஒரே வேளையில் முடிந்தது. சாவடிப் பெண்ணும் ஒரு தொடையை வாங்கிக்கொண்டு, "வெந்ததுக்குத் தடையில்ல" என்றார்.

காட்டுச் சாலையில் ஒரு வளைவு திரும்பியதும் நடுவில் யானை. ஓட்டுநர் புமுலோ வண்டியை நிறுத்தினான். யானை காதை விரித்தது. ஒரு அடி முன்னால் வந்தது. நாங்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டோம். மாமாவுக்குப் பயம் வந்தால் வாய் தானாகத் திறந்துவிடும் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "லுசாகா, லுசாகா! ஏறு, ஏறு! இடமிருக்கு!" என்று முழுத்தொண்டையில் கத்திவிட்டார்.

யானை நின்றது. அப்படி ஓர் அழைப்பை அதன் வாழ்நாளில் யாரும் விடுத்திருக்கமாட்டார்கள். கொஞ்சம் யோசித்துவிட்டு, பக்கத்துப் புதருக்குள் இறங்கிப் போய்விட்டது.

"மாமா, ஏறியிருந்தா எங்க உக்கார வெச்சிருப்பீங்க?" என்று நான் கேட்டேன்.

"பேசாத முவாங்காலா. மொதல்ல சன்னலச் சாத்து."

நமீபியாவுக்குள் நுழைந்து, மணல் தடத்தில் தட்டுத்தடுமாறிப் பொழுது சாய்வதற்குள் ஒரு பள்ளியைக் கண்டோம். சாம்பல் பூத்த சுவர், உடைந்த சன்னல். வாசலில் ஒல்லியாக ஒருவர். தலைமையாசிரியர் சின்வுலா.

"இது காசெலோதானே?" என்றார் மாமா.

"பின்ன என்னன்னு நெனச்சீங்க?"

"பெயின்ட் கொண்டு வந்திருக்கோம்."

சின்வுலா டின்களைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வானத்தையும் ஒரு தடவை பார்த்தார். "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்றார்.

மூன்று நாள் உழைத்தோம். சுவரைச் சுரண்டினோம், ஓட்டைகளைப் பூசினோம், இளஞ்சிவப்பு அடித்தோம். எங்கள் முடியிலும் அதுவே, தின்ற சோளக்களியிலும் அதுவே. வரவேற்புதான் கொஞ்சம் மந்தம். பாட்டு இல்லை, கூட்டம் இல்லை. வெறும் களியும் பூசணி இலையும். "தொண்டு செய்ய வந்தவன் விருந்து எதிர்பார்க்கக் கூடாது" என்று மாமா எங்களை அடக்கினார். தின்று தீர்த்த கோழியை நினைத்து அவருக்கும் பெருமூச்சு வந்தது.

மூன்றாம் நாள் மாலை கடைசிச் சுவரை அடித்துக்கொண்டிருந்தபோது சைக்கிளில் ஒரு பெண் வந்தார். பலமான உடம்பு, தலையில் மஞ்சள் துணி. சைக்கிளை மணலில் அப்படியே போட்டுவிட்டு நின்றார்.

"லிவிங்ஸ்டன்லருந்து வந்த கும்பல் இதுதானா?"

"ஆமாம்மா. தேவாலயத்து..." என்று மாமா ஏணியிலிருந்து ஆரம்பித்தார்.

"இறங்குங்க மொதல்ல! உங்களுக்கு ஆடு அடிச்சு மூணு நாளாச்சு! பிள்ளைங்க பாட்டுப் பாடப் பழகி, தொண்டை கட்டி, இப்ப ஊரே கரகரன்னு பேசுது! வருவாங்க வருவாங்கன்னு நான் பானையைச் சூடு பண்ணிச் சூடு பண்ணி, குழம்பு கட்டியாப் போச்சு. நீங்க இங்க ஏணி மேல நின்னு சுவத்துக்குப் பவுடர் பூசிட்டிருக்கீங்க!"

"அம்மா, இது காசெலோ..."

"இது மேட்டுக் காசெலோ! எழுதிக் கேட்டது நாங்க, பள்ளத்துக் காசெலோ! எங்க தாத்தா காலத்துல சண்டை போட்டுப் பிரிஞ்சு வந்தானுங்க, பேரை மட்டும் தூக்கிட்டு வந்துட்டானுங்க. இப்ப பெயின்ட்டும் போச்சு!"

அவர் பெயர் நமகாவ். அந்தப் பள்ளத்துப் பள்ளியின் சமையல்காரி, பெண்கள் சங்கத் தலைவி. பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று. முபியானா மாமா தூரிகையைப் பிடித்தபடி, வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். நாங்கள் சுவரைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தோம். தூரிகையிலிருந்து சொட்டிச் சொட்டி, கடைசி நாளாயிற்றே என்று அவர் எடுத்துப் போட்டிருந்த ஞாயிற்றுக்கிழமை ஷூ இளஞ்சிவப்பாகிக்கொண்டிருந்தது.

மெல்ல நழுவப் பார்த்த சின்வுலாவை நமகாவ் பிடித்துக்கொண்டார். "ஏன் சார், உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார் அவர் பரிதாபமாக. "அவங்க கேட்டது காசெலோவான்னு. நான் பொய் சொல்லல. பதினோரு வருஷமா நானும்தான் மேலிடத்துக்கு மனு போட்டுட்டு இருக்கேன். பெயின்ட்டே தேடி வந்து வாசல்ல நின்னா, போ போன்னு சொல்ல எனக்கு நாக்கு எழல."

நமகாவ் பிடியை விட்டார். அந்தப் பள்ளியின் பழைய சுவர் எப்படி இருந்தது என்பது அவருக்கும் தெரியும்.

அப்போதுதான் மாமா பேசினார். அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. "நாளைக்கு உங்க பள்ளிக்கு வர்றோம். எத்தனை நாளானாலும் முடிச்சிட்டுத்தான் போவோம்."

"எதை வெச்சு? எச்சிலத் தொட்டா?"

மிச்சம் இரண்டு டின்கூட முழுதாக இல்லை. ஆனால் சின்வுலாவுக்கு உறுத்தியிருக்க வேண்டும். சேமிப்பு அறையிலிருந்த சுண்ணாம்பு மூட்டைகளை சக்கரமில்லாத மாட்டுச் சறுக்குவண்டியில் ஏற்றி, தன் பெரிய மாணவர்களையும் கூட்டிக்கொண்டு விடியற்காலையில் எங்களுக்கு முன்னால் பள்ளத்தில் போய் நின்றார். பல வருஷங்களாக ஒரு கால்பந்தாட்டம்கூடச் சேர்ந்து ஆடாத இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் முறைத்துக்கொண்டே சுவரைச் சுரண்டின. மதியத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்று சுண்ணாம்பை அப்பி விளையாட ஆரம்பித்துவிட்டன. மேல்பாதி வெள்ளை, இடுப்புவரை இளஞ்சிவப்பு என்று முடிவாயிற்று. முழுதும் இளஞ்சிவப்பாக இருந்த மேட்டுப் பள்ளியைவிட அது நன்றாகவே அமைந்துவிட்டது. உடனே மேட்டுக்காரர்கள் தங்களுக்கும் சுண்ணாம்பு வேண்டும் என்று முணுமுணுத்தார்கள்.

நமகாவ் மாமாவைச் சுவர்ப் பக்கமே விடவில்லை. "நீங்க அடிக்கிற கோடு கோணுது. வந்து களியைக் கிண்டுங்க" என்றார். இரண்டு ஊருக்குமான பானை அது. துடுப்பு அவர் மார்வரை உயரம்.

"கட்டி தட்டுது. வலது பக்கம் கிண்டுங்க."

"வலது பக்கம்தாம்மா கிண்டுறேன்."

"அது உங்க வலது. நான் சொன்னது பானைக்கு வலது."

"பானைக்கு ஏதும்மா வலது இடது?"

"உங்களுக்கு ஊருக்கே மேடு பள்ளம் தெரியல. பானையைப் பத்திப் பேச வந்துட்டீங்க."

அடுப்புப் புகைக்குள் மாமா சிரித்துக்கொண்டு நின்றதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். இன்னொரு ஆடு அடித்தார்கள். தொண்டை கட்டிய பிள்ளைகள் கரகரவென்றே பாடின.

திரும்பும்போது மாமா செஷேகே வழியாகப் போகலாம் என்றார். யானைக்குப் பயந்து என்று நினைத்தோம். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை அவர் அதே வழியில் காணாமல் போகத் தொடங்கினார். பாஸ்போர்ட்டில் பக்கம் தீர்ந்து புதியது எடுக்கவேண்டி வந்தது. அடுத்த ஆண்டு அறுவடை முடிந்ததும் கல்யாணம். மணப்பெண் எங்கள் ஊர் என்று பள்ளத்துக்காரர்களும், மாப்பிள்ளையை முதலில் கண்டெடுத்தது நாங்கள் என்று மேட்டுக்காரர்களும் சண்டை பிடித்ததில் இரண்டு ஊரிலும் தனித்தனியாக விருந்து நடந்தது. நாங்கள் இரண்டிலும் சாப்பிட்டோம்.

இப்போது மாமா பள்ளத்துக் காசெலோவில்தான் இருக்கிறார். ஆறு பெருகி வயலெல்லாம் தண்ணீரான மாதங்களில் பள்ளிப் பிள்ளைகளைத் தோணியில் ஏற்றி இறக்குவது அவர் வேலை. போன வெள்ளத்தில் நான் போயிருந்தபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். அவருக்கு நீந்தத் தெரியாது. அதனால் நமகாவ் அக்கா ஒரு நடைகூட விடாமல் முன்னால் உட்கார்ந்து வருகிறார். முதலை தெரிந்தால் சொல்ல ஒரு ஆள், மாமா விழுந்தால் இழுக்கவும் அதே ஆள். துடுப்பைத் தப்பாகப் போடுகிறார் என்று அக்கரை சேரும்வரை அவர் ஏசிக்கொண்டே வந்தார். மாமா சரி சரி என்று துடுப்புப் போட்டுக்கொண்டே வந்தார்.