அக்கா பேருக்கும் ஒரு அர்ச்சனை

முதுநகரில் எங்கள் தியேட்டரில் டிக்கெட் கொடுப்பவள் எழிலரசி. கேன்டீன் என்னுடையது. கவுண்டர் மூடியதும் வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்காருவாள். பேசுவது நான், கேட்பது அவள். 'இசைவாணிக்கு வாய் ஜாஸ்தி' என்று முதலாளியே சொல்வார். எழிலுக்கு வாய் இருக்கிறதா என்றே பலருக்குச் சந்தேகம்.

தாய் தகப்பன் போய்விட்டார்கள். பிள்ளை இல்லை. அவளுக்கென்று இருந்தது புருஷன் தட்சிணாமூர்த்தி ஒருவர்தான். மாட்டுத்தீவன ஏஜென்ட். சிதம்பரம், கம்மாபுரம் பக்கமெல்லாம் கடை கடையாக லைன் போவார். வாரத்தில் பாதி நாள் அந்தப் பக்கம்தான். திரும்பி வரும்போது கதம்பமும் அல்வாவும் வாங்கி வருவார். அந்த அல்வாவில் எனக்கும் ஒரு துண்டு வரும். தின்றிருக்கிறேன், இப்போது நினைத்தால் குமட்டுகிறது.

போன தை மாதம் ஒரு படம் போட்டோம். இங்கிலீஷில் வந்து, இந்திக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்த படம். பாதிப் படம் கட்டில், மீதிப் படம் மழை. புருஷனுக்கு வேறொருத்தி இருக்கிறாள் என்று பெண்டாட்டிக்குச் சந்தேகம்; அவன் பின்னாலேயே அலைகிறாள், கடைசியில் கத்தியை எடுக்கிறாள். இந்தியில் அவன் நிஜமாகவே தப்பு செய்தவன், தமிழில் மாற்றிவிட்டார்கள் என்றார் ஆபரேட்டர் செம்பியன். இங்கே அவன் உத்தமன். எல்லாம் அவள் மனப்பிராந்தி. அழுது அவன் காலில் விழுகிறாள், ஆம்பளைக் கூட்டம் விசிலடிக்கிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்சிணாமூர்த்தியும் ஒருநாள் ஓசியில் பார்த்துவிட்டு வந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே, "பொம்பளைக்கு சந்தேகம் வந்துட்டா குடும்பம் அவ்ளோதாங்க" என்றார். எழில் சில்லறையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே சிதம்பரத்தில் அவர் சொந்தத்தில் ஒரு கல்யாணம். இரண்டு பேரும் சேர்ந்து போனார்கள். சாப்பிட்டுவிட்டு வரும் வழியில் ஒரு சின்ன அம்மன் கோவில். எழில் ஓர் அர்ச்சனை செய்துவிட்டுப் போகலாம் என்றாள். அவர் பெரிய கோவிலுக்கே போகலாம் என்றாராம். அவ்வளவு தூரம் நடக்கக் கால் வலிக்கிறது என்று இவள் உள்ளே நுழைந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை மறுநாள் கேன்டீனில் வைத்து எனக்குச் சொன்னாள். யாரோ பக்கத்து வீட்டுக்காரி கதையைச் சொல்வது மாதிரி சொன்னாள்.

அர்ச்சனைத் தட்டை நீட்டினால் ஐயர் பேர், நட்சத்திரம் கேட்பார். நம் பக்கத்தில் பெண்டாட்டி முதலில் புருஷன் பேரைத்தான் சொல்வாள். எழில் வாயைத் திறப்பதற்குள் ஐயர் அவள் பின்னால் நின்றவரைப் பார்த்துவிட்டார். வழக்கமாக வருகிறவர்களிடம் ஐயர்மார் கேட்பதில்லை. அவர்களுக்கே மனப்பாடம், அதில் ஒரு பெருமையும் உண்டு. தட்டை வாங்கியவர் ராகத்தோடு ஆரம்பித்துவிட்டார். சுவாதி நட்சத்திரம் தட்சிணாமூர்த்தி. ரேவதி நட்சத்திரம் சத்யப்பிரியா. பூச நட்சத்திரம் சிந்துஜா.

எழில் கையைக் கூப்பியபடியே நின்றாள். யார் பேரையோ மாற்றிச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

தீபாராதனை காட்டிவிட்டு வந்த ஐயர், "வீட்ல வரலீங்களா? பாப்பா நல்லா இருக்கா?" என்றார். பிறகு எழிலைப் பார்த்து, "இவுங்க அக்காங்களா?"

தட்சிணாமூர்த்தி, "ஆமா சாமி" என்றார்.

"அப்ப அக்கா பேருக்கும் ஒன்னு பண்ணிடுவோம். பேரு, நட்சத்திரம் சொல்லுங்கம்மா."

"சொன்னியா?" என்று கேட்டேன்.

"சொன்னேன்க்கா. எழிலரசி, உத்திரம்."

தட்டைப் புருஷன் முகத்திலேயே விட்டெறிந்திருக்க வேண்டாமா? படத்தில் அவளுக்குக் கத்தி கொடுத்தார்கள், மழை கொடுத்தார்கள். இவள் குங்குமத்தை வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். புதுச்சத்திரம் தாண்டியதும் அவரே எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தாளாம்.

அன்றிலிருந்து வீட்டில் சமைத்தாள், அவருக்குப் பரிமாறினாள், துணி துவைத்தாள், வேலைக்கு வந்தாள். அழவில்லை. என் வடையை வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு இருக்கான்னு தெரியலக்கா" என்றாள். நான் கத்தினேன். "கேளுடி! சட்டையைப் புடிச்சிக் கேளு!"

"கேட்டுட்டு எங்கக்கா போறது?"

அதுதான் விஷயம். கேட்டால் அந்த ஒருவரும் இல்லை. கேட்காவிட்டால் காலம் முழுக்க அக்கா.

அடுத்த வெள்ளிக்கிழமை மேட்னிக்கு முன்னால் அவரே கேன்டீனுக்கு வந்தார். நான் நகரவில்லை. என் கேன்டீன், நான் ஏன் நகர வேண்டும்?

"எழிலு, அவுங்களயும் உட முடியாது. ரெண்டு வூட்டயும் நல்லா பாத்துக்கறேன். உனக்கு ஒரு கொறையும் வராது."

"சரிங்க மாமா" என்றாள்.

கரண்டி என் கையிலிருந்து எண்ணெயில் விழுந்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"ஒன்னே ஒன்னு மாமா. அந்தப் புள்ள பேர மட்டும் மாத்திடுங்க."

"என்னா?"

"சிந்துஜாங்கறது நான் வெச்சிருந்த பேரு. நமக்கு வயித்துலயே போச்சே, அதுக்கு. உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன். எங்கம்மாகிட்டக்கூட சொன்னதில்ல."

எனக்கும் தெரியாது. இத்தனை வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு பிள்ளை வயிற்றில் போனது அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் தரையைப் பார்த்தார். "நல்ல பேருன்னுதான் வெச்சேன் எழிலு" என்றார். "இனிமே எப்படி மாத்தறது? கூப்ட்டா திரும்பிப் பாக்குது."

"திரும்பிப் பாக்குதா?"

"ம்."

எழில் எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். "அப்ப நீங்க அங்கயே இருங்க மாமா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. டிக்கெட் தீர்ந்துபோச்சு என்று சொல்லும் அதே குரல். அவருக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் அவள் கவுண்டருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னல் முன்னால் ஆட்கள் நின்றார்கள். கொஞ்சநேரம் ஓரமாக நின்று பார்த்துவிட்டு அவர் போய்விட்டார்.

படம் போட்ட பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உள்ளே மழைச் சத்தம் கேட்டது. டீயை நீட்டினேன். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள்.

"கூப்ட்டா திரும்பிப் பாக்கறப்ப, அது சிரிக்குமாக்கா?"

"சிரிக்கும்டி" என்றேன்.